பாயின்ட் ராபர்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் மாநில வரைபடத்தின் வடமேற்கு மூலையை உற்றுப் பார்த்தால், கனடாவிலிருந்து கடலுக்குள் இறங்கும் ஒரு நிலத்தின் நுனிக்கு மட்டும் அமெரிக்காவின் நிறம் பூசியிருப்பது தெரியும். அதுதான் பாயின்ட் ராபர்ட்ஸ். மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது. நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 1,200 பேர். இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை நின்று நிதானமாகத்தான் சொல்ல முடியும்.

பாயின்ட் ராபர்ட்ஸ் சரியாக எங்கே இருக்கிறது?

கனடாவின் வான்கூவர் நகருக்குத் தெற்கே, டிசவாசன் தீபகற்பத்தின் தென்கோடியில். மேற்கிலும் தெற்கிலும் ஜார்ஜியா நீரிணை, கிழக்கில் பவுண்டரி விரிகுடா. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் கனடா. அமெரிக்காவின் மற்ற நிலப்பகுதியோடு தரைவழித் தொடர்பே இல்லை. நிர்வாகத்தில் இது வாஷிங்டன் மாநிலத்தின் வாட்காம் கவுண்டியைச் சேர்ந்தது (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). கவுண்டியின் தலைமையிடமான பெல்லிங்காமுக்குக் காரில் போக வேண்டுமானால், முதலில் கனடாவுக்குள் நுழைந்து, விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டி, பிளேன் என்ற எல்லை ஊரில் மறுபடியும் அமெரிக்காவுக்குள் வர வேண்டும். சொந்தக் கவுண்டி அலுவலகத்துக்குப் போகவே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய ஊர் இது.

எவ்வளவு பெரியது?

நிலப்பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் சுமார் 5 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 3 கிலோமீட்டர். காலை நடைக்குக் கிளம்புபவர் மதியச் சாப்பாட்டுக்குள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

கனடாவோடு ஒட்டியிருக்கும் நிலம் அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

1846-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆரிகன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ராக்கி மலைகளுக்கு மேற்கே இரு தரப்பின் எல்லையாக 49-ஆம் வடக்கு அட்சக்கோட்டை வைத்துக்கொள்வது என்று முடிவானது. கோடு கடலைத் தொட்டதும், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீர்வழியின் மையத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே திரும்பும். வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனுக்குக் கிடைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தீவுக்காக இவ்வளவு யோசித்தவர்கள், கோடு கடலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு தீபகற்பத்தின் நுனி 49-ஐத் தாண்டித் தெற்கே நீட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்குத் தெற்கே எது இருந்தாலும் அமெரிக்கா என்பதால், அந்த நுனியும் அமெரிக்கா ஆனது.

அதைத் திருத்திக்கொள்ள யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள். உடன்படிக்கைக்குப் பிறகு எல்லையை அளக்க ஆணையம் அமைந்தபோது பிரிட்டிஷ் அரசு விழித்துக்கொண்டது. இந்த நுனி அமெரிக்காவுக்கே தொல்லைதான், இதை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்க்கும்படி தன் ஆணையர் கேப்டன் ஜேம்ஸ் பிரெவோஸ்டுக்கு அறிவுறுத்தியது. மறுத்தால், பெருநிலத்தின் எல்லைக்கோட்டைச் சற்றே நகர்த்தி ஈடு கொடுக்கவும் தயாராக இருந்தது. ஆனால் கோடு நகரவில்லை.

அந்தக் கோட்டின் தரைவழி முடிவைக் காட்டும் கல்லை இன்றும் பார்க்கலாம். தீபகற்பத்தின் மேற்கு விளிம்பில், மானுமென்ட் பூங்காவில், மரங்களுக்கு நடுவே கூம்பிய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1861-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எல்லைக் குறிகளில் அதற்கு எண் 1. ஒருபக்கம் கனடிய வீடுகள், மறுபக்கம் அமெரிக்கக் காடு, கீழே செங்குத்தாக இறங்கும் கரை, அதற்கப்பால் நீரிணை. ஆயிரத்துச் சொச்சம் பேருடைய அன்றாட வாழ்க்கையை நிர்ணயிக்கும் கோடு இந்தக் கல்லில்தான் கரையேறுகிறது.

இது தீவா, தீபகற்பமா?

இன்று தீபகற்பம். ஆனால் கேள்வி நியாயமானது. பனியுகம் விட்டுச்சென்ற மண்ணாலும் சரளையாலும் ஆன இந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் உண்மையிலேயே கடல் சூழ்ந்த தீவாகத்தான் இருந்தது. வடக்கே ஃபிரேசர் ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மெல்ல மெல்ல இடைக்கடலைத் தூர்த்து, தீவைப் பெருநிலத்தோடு ஒட்டவைத்தது. 1791-இல் வந்த ஸ்பானிய மாலுமிகள் இதைத் தீவு என்றே வரைந்துகொண்டு போனார்கள். கப்பலிலிருந்து பார்த்தால் மேடு மட்டும் தெரியும், பின்னால் இருக்கும் தாழ்ந்த சதுப்பு கண்ணில் படாது. அடுத்த ஆண்டு வந்த பிரிட்டிஷ் மாலுமி ஜார்ஜ் வான்கூவர் தன் நண்பர் ஹென்றி ராபர்ட்ஸின் பெயரை இதற்குச் சூட்டினார்.

இயற்கை ஒட்டவைத்த தீவை, அரசியல் மறுபடியும் வெட்டியெடுத்துத் தீவாக்கிவிட்டது. இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

"அன்இன்கார்ப்பரேட்டட்" ஊர் என்றால் என்ன பொருள்?

அமெரிக்காவில் ஓர் ஊர் தனக்கென நகராட்சி வேண்டுமென்றால், மாநிலச் சட்டப்படி தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்துகொண்டால் மேயர், நகர்மன்றம், நகர வரி எல்லாம் வரும். பதிவு செய்துகொள்ளாத ஊர்களே அன்இன்கார்ப்பரேட்டட் ஊர்கள். மக்கள் இருப்பார்கள், பெயர் இருக்கும், அஞ்சலகம்கூட இருக்கும். ஆனால் ஊருக்கென்று ஓர் அரசு இருக்காது. சாலை, காவல், கட்டட அனுமதி எல்லாவற்றையும் கவுண்டிதான் பார்த்துக்கொள்ளும்.

பாயின்ட் ராபர்ட்ஸுக்குக் காவல் என்றால் வாட்காம் கவுண்டி ஷெரிஃபின் ஆட்கள். சட்டம் இயற்றுவது விரிகுடாவுக்கு அப்பால், பெல்லிங்காமில் கூடும் கவுண்டி கவுன்சில். ஊரின் குரலைக் கொண்டுசேர்க்க ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதனால் பரிந்துரைக்கத்தான் முடியும், முடிவெடுக்க முடியாது. தண்ணீர், தீயணைப்பு, பூங்கா போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனித்தனிச் சிறப்பு மாவட்டங்கள், அதாவது ஒரு சேவையை மட்டும் கவனிக்கும் அமைப்புகள், இருக்கின்றன. அவற்றின் பொறுப்பாளர்களை ஊர்மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் இடங்கள் அவைதான்.

சிறிய ஊர் என்பதால்தான் நகராட்சி இல்லையா?

அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு ஊர்களைப் பாருங்கள். நெவாடாவில் பாரடைஸ் என்ற ஊர். லாஸ் வேகஸ் என்று உலகம் சொல்லும் சூதாட்ட விடுதிகளில் பெரும்பாலானவை இருப்பது லாஸ் வேகஸ் நகருக்குள் அல்ல, இங்கேதான். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,91,000-க்கும் அதிகமானோர். இருந்தும் அது நகராட்சி இல்லாத ஊர். மறுபக்கம், நெப்ராஸ்காவில் மொனோவை. 2010-இல் அங்கே வாழ்ந்தது ஒரே ஒருவர். அது முறையாகப் பதிவுபெற்ற கிராமம்!

மக்கள்தொகை எவ்வளவு?

2000-இல் 1,308. 2010-இல் 1,314. 2020-இல் 1,191. இருபது ஆண்டுகளில் ஏற்றமும் பெரிதாக இல்லை, இறக்கமும் பெரிதாக இல்லை. வயதானவர்கள் அதிகம், குழந்தைகள் குறைவு.

எண்களை இத்தோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2020 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஏப்ரல் 1. கொரோனா காரணமாகக் கனடா எல்லை மூடப்பட்டது அதற்குச் சரியாகப் பதினோரு நாள் முன்பு, மார்ச் 21 அன்று. இந்த ஊர் தன் வரலாற்றிலேயே மிகவும் துண்டிக்கப்பட்டிருந்த நேரத்தில் தலைகளை எண்ணினார்கள். 1,191 என்ற எண்ணைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊருக்கு நகராட்சி இல்லையென்றால், எல்லையை யார் வகுத்து எண்ணுகிறார்கள்?

கணக்கெடுப்புத் துறை. நகராட்சி இல்லாத குடியிருப்புகளுக்கு, புள்ளிவிவரத்துக்காக மட்டும் அது ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறது. அந்த வரம்புக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. பல ஊர்களில் இந்த வரம்பை எங்கே நிறுத்துவது என்பதே தலைவலி, ஏனென்றால் வீடுகள் படிப்படியாகக் குறைந்து வயல்களில் கரைந்துவிடும். பாயின்ட் ராபர்ட்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் இன்னொரு நாடு.

சின்ன ஊர்களின் எண்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனிநபர்களை அடையாளம் காண முடியாதபடி, 2020 கணக்கெடுப்பில் சிறிய பகுதிகளின் எண்களை வேண்டுமென்றே சற்றே கலைத்து வெளியிட்டார்கள். மொனோவையின் மக்கள்தொகை 2020-இல் 2 என்று பதிவானது. அந்த இரண்டாவது ஆள் கணக்கு உண்டாக்கிய ஆள். ஆகவே சிறிய ஊர்களில் இரண்டொரு பேர் வித்தியாசத்தை வைத்து முடிவுகளுக்குத் தாவக் கூடாது.

கோடையில் ஊர் நிரம்பி வழியும் என்கிறார்களே, அவர்கள் கணக்கில் வருவதில்லையா?

வருவதில்லை. ஒருவர் ஆண்டில் பெரும்பகுதி எங்கே தங்குகிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். பாயின்ட் ராபர்ட்ஸின் வீடுகளிலும் மனைகளிலும் பெரும்பங்கு கனடியர்களுக்குச் சொந்தம். வான்கூவர் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கோடைக் குடில் வைத்திருக்கின்றன. கிழக்குக் கரையில் மேப்பிள் பீச்சில் கடல் உள்வாங்கும்போது மணல்வெளி வெகுதூரம் வெளிப்படும். வெயில் அந்த மணலைச் சுட்டுவைக்க, திரும்பி வரும் தண்ணீர் குழந்தைகள் குளிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இந்த மணலுக்காகவே வருபவர்கள் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஊரின் ஜனத்தொகை சில மடங்கு பெருகிவிடும். அவர்கள் சொத்துவரி கட்டுகிறார்கள், கடைகளை வாழவைக்கிறார்கள். ஆனால் இங்கே வாக்கு கிடையாது, கணக்கெடுப்பிலும் இடம் கிடையாது. வாக்குள்ளவர்கள் குறைவு, வரி கட்டுபவர்கள் அதிகம் என்ற இந்த நிலை ஊரின் பல சச்சரவுகளுக்கு வேர்.

முதலில் இங்கே வாழ்ந்தவர்கள் யார்?

கடற்கரை சேலிஷ் மக்கள். தென்கிழக்கு முனையான லில்லி பாயின்ட் அவர்களுடைய மிக முக்கியமான சால்மன் மீன்பிடித் துறை. ஆழம் குறைந்த பாறைத்திட்டுகளின் மேல் வலையை விரித்து, ஃபிரேசர் ஆற்றை நோக்கிப் போகும் சால்மனைப் பிடிப்பார்கள். லம்மி, செமியாமூ, சானிச் மக்கள் இங்கே கூடினார்கள். முதல் மீனுக்குச் சடங்கு செய்து வரவேற்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே முனையில் மீன் டப்பா ஆலை வந்தது. கடலில் நட்ட கம்புகளில் வலை கட்டிய பொறிகள் வரிசையாக நின்று மீனை வழிமறித்தன. 1934-இல் வாஷிங்டன் மக்கள் வாக்களித்து அந்தப் பொறிகளைத் தடை செய்தார்கள். ஆலை மறைந்துவிட்டது. தண்ணீர் வற்றும் நேரத்தில், அது நின்ற மரக்கம்புகளின் அடிக்கட்டைகள் மட்டும் சேற்றிலிருந்து எட்டிப் பார்க்கும். 2008-இல் அந்த முனையைக் கவுண்டி இயற்கைக் காப்பிடமாக வாங்கியது. கட்டடமனைகளாகப் போகாமல் தப்பியதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இடையில் ஐஸ்லாந்துக்காரர்கள் வந்தார்கள். இந்த நிலம் 1859 முதல் அமெரிக்க ராணுவத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது, குடியேறச் சட்டம் இடம் தரவில்லை. இருந்தும் 1890-களில் ஐஸ்லாந்துக் குடும்பங்கள் வந்து காட்டைத் திருத்தி, ஆடு மாடு வளர்த்து வாழ்ந்தன. 1908-இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆட்சியில்தான் நிலம் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டு, அவர்களுக்கு உரிமை கிடைத்தது. எல்லையை ஒட்டி ஓடும் சாலை இன்றும் ரூஸ்வெல்ட்டின் பெயரில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

ஊரில் குட்டித் தொடக்கப் பள்ளி ஒன்று உண்டு. மழலை வகுப்பும் அதையடுத்த ஓரிரு வகுப்புகளும் அங்கே. அதன்பிறகு பிளேனுக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கூடவே போய்ப் பாருங்கள். குளிர்காலக் காலை, இன்னும் இருட்டு விலகவில்லை. பள்ளி பஸ் டையீ சாலை வழியாக வடக்கே போய்க் கனடிய சோதனைச் சாவடியில் நிற்கிறது. பிறகு பவுண்டரி விரிகுடாவைச் சுற்றிக் கனடாவின் நெடுஞ்சாலைகளில் ஓட்டம், வழியெல்லாம் கிலோமீட்டர் பலகைகள். மீண்டும் ஒரு சாவடி, இம்முறை அமெரிக்காவுடையது. அதைத் தாண்டினால் பள்ளி. மாலையில் இதே பாதை, மறுபடியும் இரண்டு சாவடிகள். ஆக, நாளொன்றுக்கு நான்கு முறை எல்லையைக் கடக்கிறார்கள். 180 நாள் பள்ளி ஆண்டுக்கு 720 முறை. எட்டு வயதுப் பிள்ளைக்கு, வீட்டுப்பாடத்தை மறந்தாலும் பரவாயில்லை, அடையாள ஆவணத்தை மறக்கக் கூடாது.

தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து வருகின்றன?

இரண்டும் கனடாவிலிருந்து. தண்ணீருக்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது. வான்கூவர் தீவும் ஒலிம்பிக் மலைகளும் மழையை மறிப்பதால், பாயின்ட் ராபர்ட்ஸில் வான்கூவரைவிட மழை குறைவு. ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அப்போதெல்லாம் கிணறுகளை நம்பித்தான் பிழைப்பு. கோடைக் குடில்கள் பெருகப் பெருகக் கிணறுகள் திணறின. 1973-இல் வறட்சி வந்து கிணறுகள் வற்றியபோது, கனடா தண்ணீர் தராவிட்டால் கனடியர்களின் வீடுகளுக்குத் தண்ணீரை வெட்டுவோம் என்று உள்ளூரில் எச்சரிக்கைப் பலகைகள் முளைத்தன. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீருக்காகத் தேசம் பார்த்துப் பிரிந்த காலம் அது. 1987-இல்தான் வான்கூவர் வட்டாரக் குடிநீர் அமைப்போடு ஒப்பந்தமாகி, எல்லையைத் தாண்டிக் குழாயில் தண்ணீர் வந்தது.

கொரோனா காலத்தில் என்ன நடந்தது?

ஊர் உண்மையிலேயே தீவாகிவிட்டது. தேவையற்ற பயணங்களுக்கு எல்லை மூடப்பட்டதும், கனடியர்கள் தங்கள் குடில்களுக்கு வர முடியவில்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் நினைத்தபோது பெருநிலத்துக்குப் போய்வர முடியவில்லை. மருத்துவமனை இல்லாத ஊர் இது என்பதை நினைவில் வையுங்கள். 2020 ஆகஸ்டில் பெல்லிங்காமிலிருந்து அவசரப் படகுச் சேவை தொடங்கியது. காடும் மலையும் பனியும் மறிக்காத, கண்ணுக்கெதிரே தெரியும் சொந்த மாநிலத்துக்குப் படகேறிப் போனார்கள்.

2021 ஆகஸ்ட் 9-இல் தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்குக் கனடா கதவைத் திறந்தது. ஆனால் கனடியர்களுக்கு அமெரிக்கா தரைவழி எல்லையைத் திறந்தது நவம்பர் 8-இல்தான். அந்த மூன்று மாத இடைவெளியில் இன்னொரு கோடையும் போய்விட்டது. கோடை வியாபாரத்தை வைத்து ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கும் கடைகளுக்கு இரண்டு கோடைகள் தொடர்ந்து பறிபோவது சாதாரண அடியா? மீண்டு வந்துகொண்டிருந்தபோது, 2025-இல் இறக்குமதி வரித் தகராறால் கனடியர்கள் அமெரிக்கப் பயணத்தையே குறைத்துக்கொண்டார்கள். எங்கோ தலைநகரங்களில் எடுக்கப்படும் முடிவுகள் முதலில் வந்து விழுவது இந்த ஊரின் தலையில்தான்.

அமெரிக்காவில் இருந்தும் பெட்ரோலை லிட்டர் கணக்கில் விற்கிறார்களாமே?

ஆம். வாங்குபவர்கள் கனடியர்கள். அமெரிக்காவில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். அதேபோல் பார்சல் கடைகள். அமெரிக்க முகவரிக்கு மட்டும் அனுப்பும் நிறுவனங்களிடம் பொருள் வாங்கி, இங்கே ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் வந்து எடுத்துப்போவார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் இத்தனை பெட்ரோல் பங்க்குகளும் பார்சல் கடைகளும் எதற்கு என்று வியப்பவர்களுக்கு இதுதான் விடை.

பேசாமல் கனடாவோடு சேர்ந்துவிடலாமே?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் இரு நாடுகளின் கூட்டு ஆணையம் ஒன்று இந்த ஊரின் சிக்கல்களை ஆராய்ந்தது. பாயின்ட் ராபர்ட்ஸை மையமாக வைத்து, சுற்றியுள்ள தீவுகளையும் கடலையும் சேர்த்து இரு நாட்டுப் பூங்கா ஒன்றை அமைக்கலாம் என்று 1973-இல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. ஊர்மக்கள் கொதித்தெழுந்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. இங்கே வாழ்பவர்களில் பலர் இந்தத் தனிமையைத் தேடி வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. திருட்டு மிகக் குறைவு. ஒரே சாலை, அதன் வாசலில் இரு நாடுகளின் காவல்.

அமெரிக்காவில் இப்படி வேறு ஊர்கள் உண்டா?

உண்டு. மின்னசோட்டாவின் நார்த்வெஸ்ட் ஆங்கிள் பகுதிக்கும் தரைவழியே போகக் கனடாவைக் கடக்க வேண்டும். அலாஸ்காவின் ஹைடருக்குச் சாலை கனடாவின் ஸ்டூவர்ட் ஊரிலிருந்து மட்டுமே வருகிறது. 2020-இல் அங்கே 48 பேர்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. சாவடி இரவும் பகலும் திறந்திருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வான்கூவரிலிருந்து போவதானால் அமெரிக்க விசாவும் வேண்டும், கனடாவுக்குத் திரும்பிவர உரிய அனுமதியும் செல்லுபடியாக இருக்க வேண்டும். தென்மேற்கு முனையில் லைட்ஹவுஸ் மரைன் பூங்கா இருக்கிறது. பெயரைக் கேட்டுக் கலங்கரை விளக்கத்தைத் தேடாதீர்கள். அங்கே அப்படி ஒன்று கட்டப்படவே இல்லை, ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் விளக்கு மட்டும் எரிகிறது. கூழாங்கல் கரையில் உட்கார்ந்து நீரிணையையே பார்த்துக்கொண்டிருங்கள். கோடையில் சால்மனைத் துரத்திக்கொண்டு ஓர்க்காத் திமிங்கிலங்கள் கரைக்கு வெகு அருகில் போகும். கறுத்த முதுகுத் துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்போது, அது கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வருகிறதா, அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போகிறதா என்று கரையில் யாரும் கேட்பதில்லை.